எழுத்தோடு உட்காராத முகம்

அந்தக் குச்சியை அங்கே ஊன்றாதீர்கள், தம்பி. அங்கே ஆள் இருக்கிறது.

தெரியும். கல் இல்லை, சிலுவை இல்லை, வெறும் மணல்தான். கப்ரியேல்தானே காட்டினார்? அவர்மேல் தப்பில்லை. குழி வெட்டுகிறவருக்கு இடம் வேண்டாமா. மூன்று வருஷமாகியும் கல் வைக்காத கல்லறைகளை இந்தக் கல்லறைத் திருநாளோடு வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பூசையில் வாசித்தாயிற்று. நாளைக்குத் திருநாள். "அந்த ஆளு எங்க கல்லு வைக்கப் போறாரு, நீங்க சும்மா குச்சிய நடுங்க" என்று சொல்லியிருப்பார். சொன்னாரா? அவர் பேச்சு எனக்குத் தெரியும்.

ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது என் மனைவி இடம். புளோரின் ரூபி என்று பேர். நீங்கள் எப்போது எடுக்கிறீர்கள்? நாலு மணிக்கா. அப்பாவா? சரி. ஐஸ் பெட்டியில்தானே வைத்திருக்கிறீர்கள்? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. இப்படி வாருங்கள், இந்தப் பூவரசுக்குக் கீழே மட்டும்தான் நிழல். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், இந்த இடத்தை எடுக்கலாமா கூடாதா என்று.

கல் இல்லாமல் இல்லை. கல் வெட்டுகிற முத்துமாலை பட்டறையில் போய்ப் பாருங்கள், சுவரோடு மூன்று கல் சாத்தியிருக்கும். மூன்றிலும் அவள் பேர்தான். பேரில் ஒரு குறையும் இல்லை. முகம்தான் உட்காரவில்லை.

முகம் என்றால் படம் இல்லை. போனில் வருமே, மஞ்சளாக, எமோஜி. அதில் ஒன்று தலைகீழாக இருக்கும். கண் கீழே, வாய் மேலே. சிரித்துக்கொண்டே கவிழ்ந்த மாதிரி. என் மனைவி எனக்கு எது அனுப்பினாலும் கடைசியில் அதை வைப்பாள். விளையாட்டுக்காரி. சமையல்கட்டுக் கூரை ஒழுகுகிறது என்று எழுதினாலும் அது. இந்தக் கிறிஸ்மஸுக்கும் லீவு கிடைக்கவில்லையா, சரி பரவாயில்லை என்று எழுதினாலும் அது. டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதினாலும் அது. எதையுமே சிரிப்பாக எடுத்துக்கொள்கிற மனசு. அவள் தங்கை ஜெனோவா, "அது சிரிப்புக்கு வைக்கிறது இல்ல அத்தான்" என்பாள். ஜெனோவா கணக்கு டீச்சர். எல்லாவற்றையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிற ஆள். அவளுக்கு விளையாட்டு புரியாது.

என் வேலையே அந்த முகங்கள்தான். சிரிக்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் மெசேஜ் அனுப்புகிற ஆப் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். எழுத்துக்கு நடுவே அந்த முகங்கள் ஒழுங்காக உட்காரும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் மாமியார் ஊரெல்லாம், "மருமவன் வெளிநாட்டுல பொம்மைய நேரா நிக்க வைக்காரு" என்று சொல்லி வைத்திருந்தார். கேலியாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வேலையைச் சரியாகத்தான் சொன்னார்.

எழுத்துகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றன, தம்பி. ஒரே குடும்பத்து ஆட்கள், ஒரே பந்தியில். இந்த முகம் அந்தக் குடும்பம் இல்லை. வெளியிலிருந்து வருகிறது. தனக்கென்று ஒரு பெட்டியோடு வருகிறது. கோட்டில் உட்கார வைத்தால் மிதக்கும். இறக்கினால் முழுகும். இங்கிலீஷ் எழுத்துக்கு அளவு பார்த்து இறக்கி வைத்தால், தமிழில் அடுத்த வரி மேலே வந்து இடிக்கும். சின்ன எழுத்தில் சரி பண்ணினால் பெரிய எழுத்தில் தூக்கிக்கொள்ளும். வரிக்கும் வரிக்கும் இடைவெளியைக் கூட்டினால், முகம் இருக்கிற வரி மட்டும் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டுத் தனியாக நிற்கும்.

தனியாக நிற்பது, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. வாக்கியம் ஒரு வரியில் முடிந்துவிடும். இடம் பற்றாமல் முகம் மட்டும் கீழே அடுத்த வரியில் விழுந்து கிடக்கும். பக்கத்தில் ஒரு எழுத்து கிடையாது. புளோரின்தான் முதலில் காட்டிக்கொடுத்தாள். "இங்க பாருங்க, என் போன்ல இது ஒத்தையில நிக்குது" என்று படம் பிடித்து அனுப்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கோடைகாலம் முழுக்க லீவு கூடப் போடாமல் உட்கார்ந்து அதைச் சரி பண்ணினேன். இப்போது உலகத்தில் யார் போனிலும், எங்கள் ஆப் இருந்தால், அந்த முகம் தனியாக நிற்காது. கூட ஒரு சொல்லையாவது இழுத்துக்கொண்டுதான் கீழே வரும். ஆபீஸில் கைதட்டினார்கள். அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். "நல்லது. இனிமே அது தனியா நிக்காது" என்று எழுதி, கடைசியில் அந்த முகத்தையே வைத்தாள். என்ன குசும்பு பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. வயிற்றில். மருந்து பார்வையைக் கொஞ்சம் மங்கடித்துவிட்டது. போனில் எழுத்தை இருப்பதிலேயே பெரிய அளவுக்கு வைத்துக்கொண்டாள். ஒரு திரைக்கு நாலு சொல் கூட அடங்காது. எங்கள் ஆபீஸில் அந்த அளவை யாரும் வைத்துப் பார்ப்பதே இல்லை. எல்லாம் இளவட்டம், எல்லோருக்கும் நல்ல கண். ஆகவே எனக்கு அது பெரிய உதவியாகப் போயிற்று. தப்பாக நினைக்காதீர்கள். என் வேலையில் அவளையும் சேர்த்துக்கொண்டேன் என்கிறேன். தினமும் பேசினோம். எத்தனை புருஷன் பெண்டாட்டி தினமும் பேசுகிறார்கள், சொல்லுங்கள்.

"ஒரே வாக்கியத்த சின்னதுல, நடுத்தரத்துல, பெருசுல போட்டுப் படம் பிடிச்சு அனுப்பு. ஒரே வாக்கியமா இருந்தாதான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்" என்றேன்.

"என்ன வாக்கியம்?" என்று கேட்டாள்.

"உனக்குத் தோணுறத எழுது."

அவள் எழுதியது: எப்ப வருவீங்க. பக்கத்தில் அந்த முகம்.

தம்பி, நான் அசந்து போனேன். இதைவிட நல்ல சோதனை வாக்கியம் கிடைக்காது. 'ப்' தலையில் புள்ளி வைத்திருக்கிறது. 'ரு' கீழே வளைகிறது. 'வீ' மேலே சுழிக்கிறது. கடைசியில் 'க' தட்டையாக முடிகிறது, அதை ஒட்டி முகம். ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. இதைப் பற்றி ஒன்றும் படிக்காதவளுக்கு எப்படித் தோன்றியது? ஆபீஸில் எல்லோரும் அதை வைத்தே சோதித்தார்கள். தமிழ் தெரியாத வெள்ளைக்காரர்கள் அவள் வாக்கியத்தைச் சுவர் அகலத் திரையில் போட்டு, முகத்தைக் காட்டி, "இன்னும் ஒரு நூல் கீழே" என்பார்கள். இங்கே மழைக்காலம் முழுக்க அவள் அனுப்பினாள். எப்ப வருவீங்க, சின்னதில். எப்ப வருவீங்க, நடுத்தரத்தில். எப்ப வருவீங்க, இருப்பதிலேயே பெரியதில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகூட அனுப்பினாள், ஓரத்தில் குளுக்கோஸ் குழாய் தெரிந்தது. ஒரு நாளும் சலிக்கவில்லை. நானும் ஒன்றுக்குக்கூடப் பதில் போடாமல் இருந்ததில்லை. "நல்லா இருக்கு" என்று போடுவேன். "இன்னும் கொஞ்சம் தூக்குது." "இது சரி."

கடைசியாக அனுப்பியதில் முகம் இல்லை. வாக்கியம் மட்டும் இருந்தது. நான், "முகத்த விட்டுட்டியே, திரும்ப அனுப்பு" என்று போட்டேன். பதில் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஜெனோவாதான் கூப்பிட்டாள்.

அந்த வாரம் புது ஆப் வெளியாகிற வாரம். ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன், விமானம் பிந்திவிட்டது. நான் இந்தக் கேட்டுக்குள் வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். கப்ரியேல் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதோடு அங்கே வேலையை விட்டுவிட்டேன். இங்கேயே வந்துவிட்டேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது, அதனால் வந்தேன். அவள் விட்டுப்போன அந்த முகத்தை அந்த வாக்கியத்தின் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். கல்லில் வைத்துவிட்டால் பிறகு நகராது.

ஏனென்றால் போனில் நகர்கிறது. நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? அவள் மெசேஜ் எல்லாம் என்னிடம் இருக்கிறது. நான் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அவளுடைய வரிகள் இடம் மாறுகின்றன. ஒடியாத இடத்தில் ஒடிகின்றன. அந்த முகம் இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போய் நிற்கிறது. சின்னதாக்கினால் திரும்பி வருகிறது. எப்போதோ அனுப்பி முடித்தது, தம்பி. அனுப்பிய ஆள் இந்த மணலுக்குக் கீழே இருக்கிறாள். வரி இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. போன வருஷம் ஒரு நாள் காலையில் போனைத் திறந்தால் எல்லா முகத்துக்கும் வாய் மெலிந்திருந்தது. புதுசாக வரைந்து மாற்றிவிட்டார்களாம். இனி வருவதில் மட்டும் இல்லை, பழசிலும். கூரை ஒழுகிய மெசேஜில், கிறிஸ்மஸ் மெசேஜில், எல்லாவற்றிலும் வேறே வாய். அவள் அப்படியொரு வாயை வைக்கவே இல்லை. பழைய ஆபீஸுக்கு எழுதினேன். "நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. என் இடத்தில் இப்போது இருக்கிறவன் எழுதியது.

அன்றையிலிருந்து எனக்கு அந்த முகம் எங்கே பார்த்தாலும் தெரிகிறது. பஸ் போர்டில் ஊர்ப்பேர் முடிகிற இடத்தில். கோயிலில் திரையில் பாட்டு வரி போடுகிறார்களே, அதில் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில். ஒரு நூல் மேலே. எப்போதும் ஒரு நூல் மேலே. கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் போய்விடும்.

அதனால்தான் கல். முதலில் ஒரு மரச்சிலுவை இருந்தது, ஜெனோவா நட்டது. அவசரத்தில் பெயின்டர் வெறும் பேரை எழுதியிருந்தான். நான்தான் பிடுங்கினேன். அரைகுறையாக எதற்கு? கல்லில் மேலே பெரிய எழுத்தில் பேர், பக்கத்தில் பெரிய முகம். கீழே சின்ன எழுத்தில் அந்த வாக்கியம், பக்கத்தில் சின்ன முகம். இரண்டு அளவிலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

ஜெனோவா தாம்தூம் என்று குதித்தாள். "கல்லறையில போய் எப்ப வருவீங்கன்னு யாராவது எழுதுவாங்களா அத்தான்? போறவன் வர்றவன் படிச்சா என்ன நெனப்பான்? எங்கம்மா இந்தப் பக்கமே வரமாட்டேங்காங்க."

பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டார். "நான் கல்லறைய மந்திரிக்க வரும்போதெல்லாம் என்னையக் கேக்குற மாதிரில்லா இருக்கும்" என்றார். ஆனால் கூடாது என்று சொல்லவில்லை. "எதையாவது எழுதும், ஆனா சீக்கிரம் வையும்" என்றுதான் சொன்னார்.

முதல் கல்லில் முகம் மிதந்தது. திரையில் எனக்குச் சரியாக இருந்தது, வெட்டிய பிறகு மிதந்தது. இரண்டாவதில் இறக்கினேன். 'ரூபி'யில் அந்த 'ரூ' இருக்கிறதே, அது நன்றாகக் கீழே இறங்குகிற எழுத்து. அது இறங்கினால் அழகாக இருக்கிறது, முகம் இறங்கினால் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கிறது. முத்துமாலை சொன்னார், "சார், எழுத்தெல்லாம் நிக்கி. இந்த முட்டதான் உருளுது." மூன்றாவது கல் மேஜையில் பார்த்தபோது அச்சாக இருந்தது. இங்கே கொண்டுவந்து படுக்கப் போட்டால், காலடியில் நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் நசுங்கித் தெரிகிறது. முகம் தட்டையாகிவிட்டது. நின்று பார்க்கிற கல்லுக்கு ஒரு அளவு, படுத்திருக்கிற கல்லுக்கு வேறு அளவு. அது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். கப்ரியேல் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏன் சார், அந்தம்மா வந்து அளந்தா பாக்கப் போறாங்க?"

இப்போது நாலாவது போட்டுக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி ஆகிவிட்டது. காலடியிலிருந்து பார்க்கிற கோணத்துக்குத் திருத்திக்கொண்டிருக்கிறேன், நிற்கிறவனுடைய உயரத்தை மட்டும் முடிவு பண்ண வேண்டும். அதனால் உங்களிடம் என்ன கேட்கிறேன் என்றால், நீங்கள் கப்ரியேலிடம் வேறு இடம் கேளுங்கள். மதில் ஓரத்தில் இருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால், இந்த இடத்துக்குக் கல் வருகிறது என்று நீங்களும் ஒரு வார்த்தை…

இருங்கள். கேட்டுக்கு வெளியே லோடு ஆட்டோ. யார் அது? ஜெனோவாவா? காலையிலிருந்து போன் அடிக்கிறாள், நான் எடுக்கவில்லை. பின்னால் சாக்குப் போட்டு மூடி என்ன அது? கப்ரியேலும் ஓடுகிறார் பாருங்கள், ஏற்கெனவே பேசி வைத்த மாதிரி.

"அத்தான், கொஞ்சம் தள்ளுங்க."

பார்த்தீர்களா, வந்ததும் ஒரு விசாரிப்பு கிடையாது. ஜெனோவா, இது என்ன கல்? யார் வெட்டச் சொன்னது?

"நான்தான். முத்துமாலை அண்ணன்ட்ட சொல்லி வெட்டுனேன். சாயங்காலம் பூட்டிட்டுப் போயிருவாங்க, நாளைக்கு இந்த இடத்துல எங்க அக்கா இருப்பாளான்னு தெரியாது. தள்ளுங்க."

நாலாவது ஆயிட்டே இருக்கும்மா. முக்கால்வாசி முடிஞ்சிட்டு.

"மூணு வருசமா முக்கால்வாசிதான் அத்தான் முடிஞ்சிருக்கு. ஏண்ணே, கப்ரியேலண்ணே, அந்தப் பக்கம் புடிங்க. டிரைவர் தம்பி, இங்க வாங்க. இன்னொரு ஆளு வேணுமே."

தம்பி, நீங்கள் எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உங்களுக்குத்தான் இந்த இடம் வேண்டும் என்று வந்தீர்கள். நீங்களே போய்ப் பிடித்தால்? ஐயோ, விரலைப் பார்த்து. கல் கனமாக இருக்கும். மெள்ள. மெள்ள. கால் பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

சரி. வைத்துவிட்டீர்கள்.

புளோரின் ரூபி. பேர் மட்டும். வருஷம் கூடச் சின்னதாகத்தான் போட்டிருக்கிறாள். கீழே முழுக்கச் சும்மா விட்டிருக்கிறாளே, பாதிக் கல்லுக்கு மேல். ஜெனோவா, இது என்ன, எத்தனை அளவு விட்டிருக்க? எதுக்கு விட்டிருக்க?

"அளக்கல அத்தான். அவ பேரு முடிஞ்ச பிறகு மிச்சமெல்லாம் விட்டுட்டேன். உங்களுக்கு என்னைக்குச் சரியா வருதோ அன்னைக்கு வெட்டிக்கிடுங்க. வரலன்னா வேண்டாம். அதுவரைக்கும் எங்க அக்கா பேரு இல்லாம கெடக்கக் கூடாது."

அவள் அழுகிறாளா? இல்லை, மணல்தான் கண்ணில் விழுந்திருக்கும். கடல்காற்று.

கொஞ்சம் இருங்கள், நான் குனிந்து பார்க்கிறேன். காலடியிலிருந்து… தலைமாட்டிலிருந்து… இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள், நீங்கள் என்னைவிட உயரம். எப்படித் தெரிகிறது? போனில் ஒரு படம் எடுக்கிறேன். பெரிதாக்கினால் பேரும் பெரிதாகிறது, இந்தச் சும்மா இடமும் பெரிதாகிறது. சின்னதாக்கினால் அதுவும் கூடவே சின்னதாகிறது. தூக்கவில்லை. முழுகவில்லை. எந்த அளவிலும் கோட்டை விட்டு அசையவில்லை, தம்பி. நான் எத்தனை வருஷம் இதற்காக உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா. இவள் அளக்கக்கூட இல்லை என்கிறாள்.

உங்களுக்கு அந்த இடத்தில் ஏதாவது தெரிகிறதா? பேருக்குக் கீழே, கொஞ்சம் வலது பக்கம். ஒன்றும் வெட்டவில்லை என்று எனக்குத் தெரியும். வெறும் கல்தான். இருந்தாலும் வெயில் படும்போது… தெரியவில்லையா. சரி, பரவாயில்லை. எனக்குத் தெரிந்தால் போதும்.

ஜெனோவா, நீ வீட்டுக்குப் போம்மா. நான் கொஞ்ச நேரம் இங்கே இருக்கிறேன்.

அதோ கப்ரியேல் மதில் ஓரத்தில் நின்று உங்களைக் கை காட்டிக் கூப்பிடுகிறார். அந்த இடமும் நல்ல இடம்தான், காற்று வரும். குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். போங்கள் தம்பி, சீக்கிரம் போங்கள். அப்பா வீட்டில் இருக்கிறார் அல்லவா. அவரைக் காக்க வைக்காதீர்கள்.